டிராக்டர் வாங்கினேன், பெயர் மாற்றப் பதினாறு மாதம் ஆயிற்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாடிப்பட்டி வட்டத்தில், சோழவந்தானை ஒட்டிய ஒரு சிற்றூரில் நாலு ஏக்கர் நஞ்சையும் ஒரு துண்டு தென்னந்தோப்பும் வைத்து விவசாயம் செய்து வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பழைய டிராக்டர் ஒன்றை விலைக்கு வாங்கினேன். பணத்தை எண்ணிக் கொடுத்து, சாவியை வாங்கி, வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து வீட்டுக்கு ஓட்டி வந்த அன்றே அது என்னுடையதாகிவிட்டது என்று நானும் நினைத்தேன், ஊரும் நினைத்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி நான் அதற்கு உரிமையாளன் ஆனதோ அதற்குப் பதினாறு மாதங்களுக்குப் பிறகுதான். அலைந்த அலைச்சலைச் சொல்லிப் புலம்புவதற்காக இதை எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் ஓடும் பழைய டிராக்டர்களில் பல, ஓட்டுகிறவர் பெயரில் இல்லை என்பது ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லும் செய்தி. ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகங்களில் நடக்கும் ஜமாபந்தியில், அதாவது கிராமக் கணக்குத் தணிக்கையில், போக்குவரத்துத் துறைக்கும் ஒரு மேசை போட்டுக் கொடுத்தால் இதில் பெரும்பகுதியைச் சரிசெய்துவிடலாம் என்பது என் கருத்து. அது ஏன் என்று விளங்க வேண்டுமானால் என் வண்டியின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நாலு ஏக்கர்காரனுக்குச் சொந்த டிராக்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பேரணை முதல் கள்ளந்திரி வரை பெரியார் பாசனத்தின் இருபோகப் பகுதி 45,041 ஏக்கர். வைகை அணையில் இருப்பு இருந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால், இத்தனை நிலமும் அடுத்தடுத்த சில வாரங்களுக்குள் நாற்றங்காலுக்கும் தொளி (சேற்று) உழவுக்கும் டிராக்டரைத் தேடத் தொடங்கும். வேளாண் பொறியியல் துறை குறைந்த வாடகைக்கு டிராக்டர் விடுகிறது. உழவன் செயலியில் பதிவும் செய்யலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படும் பொருளுக்கு வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும். தனியார் வண்டியோ பெரிய நிலத்தை முடித்துவிட்டுத்தான் சின்ன நிலத்துக்கு வரும். நாற்று வயது கடந்து, கணுவிட்டுப் போன பிறகு நட்ட பயிரின் விளைச்சல் எப்படி இருக்கும் என்பதை இரண்டு போகம் பட்டுத் தெரிந்துகொண்ட பிறகே, புது வண்டிக்கு வழியில்லாத நான் பழைய வண்டி தேடத் தொடங்கினேன்.

கிடைத்தது 1998-ல் பதிவான மாசி பெர்குசன் 1035. மூன்று சிலிண்டர் சிம்சன் எஞ்சின். எங்கள் பக்கத்தில் இதைச் சுருக்கமாக 'மாசி' என்பார்கள். இந்த வண்டிகளைச் செய்யும் டாஃபே நிறுவனத்துக்கு நம் மாவட்டத்தின் கல்லுப்பட்டியிலேயே ஒரு தொழிற்சாலை உண்டு. அதனாலோ என்னவோ, உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை, பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் ஊருக்கு ஒன்றிரண்டு இருக்கின்றன. விற்றவர் பக்கத்து ஊர்க்காரர், எனக்குத் தூரத்து மாமன் முறை. ஒன்பது கொத்துக் கலப்பையும் சேற்றில் ஓட்டுவதற்கான ஒரு ஜோடி இரும்புச் சக்கரங்களும் (கேஜ் வீல்) சேர்த்து 1,85,000 ரூபாய் என்று முடிந்தது.

வண்டியைப் பார்த்து வாங்குவதில் நான் ஏமாறவில்லை என்பதை இங்கே சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். முப்பது ஆண்டுகளாக டிராக்டர் எஞ்சின் பிரித்து மாட்டும் ஒரு மெக்கானிக்கை உடன் அழைத்துக்கொண்டு, மாமன் எழுந்திருக்கும் முன்பே, விடியற்காலையில் போய் நின்றேன். முதல் வேலையாக மெக்கானிக் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தால், நமக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்திருந்தது. சாவியைத் திருப்பியதும் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஆயில் மூடியைத் திறந்து, புகை தள்ளுகிறதா என்று உள்ளங்கையை மேலே பிடித்தார். ஆயில் கம்பியை உருவி, பால் கலந்த காப்பி நிறம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். கலப்பையை மாட்டி, ஹைட்ராலிக்கில் முழு உயரத்துக்குத் தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு, எல்லோரும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தபோது கலப்பை நாலு விரற்கடை மட்டுமே இறங்கியிருந்தது. "இந்த வயசுக்கு இது போதும்" என்றார் மெக்கானிக். முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்ததில் சக்கரம் திரும்புவதற்கான கிங்பின் என்ற அச்சாணி தேய்ந்திருந்தது தெரிந்தது. அதற்கு விலையில் கொஞ்சம் குறைத்தோம். இடது, வலது பிரேக் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொண்டியைக் காணோம். வயலுக்குள் ஒரு பக்கப் பிரேக்கைத் தனியே மிதித்துத் திருப்பலாம். தார்ச்சாலையில் அப்படி மிதித்தால் வண்டி புரண்டுவிடும். அந்தக் கொண்டியை மட்டும் அன்றே புதிதாகச் செய்து மாட்டிக்கொண்டேன்.

இத்தனையும் பார்க்க இரண்டு நாள் செலவழித்த நான், ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றுப் புத்தகத்தைப் பார்க்க இரண்டு நிமிடம் செலவழிக்கவில்லை. "மாப்பிள்ளை, புக்கு ஒரிஜினல். கையெழுத்துப் போட்ட பாரமும் உள்ள இருக்கு. நீங்க எப்ப வேணாலும் பேர் மாத்திக்கலாம்" என்றார் மாமன். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த புத்தகத்தை நெற்றியில் ஒற்றி அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் காப்பீடு எடுக்கப் போனபோதுதான் பெட்டி திறந்தது. புத்தகத்தில் இருந்த பெயர் மாமனுடையது அன்று. அவருக்கு விற்றவருடையதும் அன்று. 1998-ல் புதிதாக வாங்கிய, மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரின் பெயர். அவர் 2011-லேயே காலமாகிவிட்டார். பாரம் என்று மாமன் சொன்னவை, உரிமை மாற்றத்துக்கான 29, 30-ம் எண் படிவங்கள். வாங்குபவர் பெயர், தேதி, விலை எதுவும் நிரப்பாமல், முதல் உரிமையாளர் உயிரோடு இருந்தபோது போட்டுக் கொடுத்த கையெழுத்து மட்டும் அவற்றில் இருந்தது. அந்தத் தாள்கள் இரண்டு கை மாறி மூன்றாவதாக என்னிடம் வந்திருக்கின்றன. புத்தகத்தின் பின்பக்கத்தில், வண்டி ஒரு வங்கியின் கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற குறிப்பு அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது. பதிவுக் காலமோ 2013-லேயே முடிந்துவிட்டிருந்தது. அலுவலகக் கணினியில் எண்ணைத் தட்டிப் பார்த்தால் 'விவரம் இல்லை' என்று வந்தது. பழைய பேரேட்டிலிருந்து அந்தப் பக்கத்தை யாரும் ஏற்றியிருக்கவில்லை.

கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டுவது எங்கள் ஊர்ப் பக்கம் குற்றமாகக் கருதப்படுவதில்லை, சாமர்த்தியமாகவே கருதப்படுகிறது. தரகருக்கு அடுத்த கைக்குத் தள்ளுவது எளிது. வாங்குபவருக்குச் செலவு மிச்சம். விற்பவருக்குத் தலைவலி விட்டது என்ற நினைப்பு. சட்டம் சொல்வது வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 50-வது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளர் இறந்துபோனால், வண்டியைத் தம் வசம் வைத்துக்கொள்ளும் வாரிசு 30 நாளுக்குள் தெரிவித்துவிட்டு, 3 மாதத்துக்குள் 31-ம் எண் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். என் வண்டி விஷயத்தில் இந்தக் கெடு ஒவ்வொன்றும் கடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கெடு என்று ஒன்று இருப்பதே எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தெரியாமல் இருப்பதால் என்ன கெட்டுவிடும் என்றால், விபத்து ஒன்று நடக்கும்வரை எதுவும் கெடாது. நடந்துவிட்டால் சட்டம் பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறது என்றுதான் பார்க்கும். பல கை மாறிய ஒரு காரால் 2009-ல் ஏற்பட்ட விபத்து வழக்கில், வண்டியை முன்பே விற்றுவிட்டேன் என்று சொன்ன முதல் உரிமையாளரே, பதிவில் அவர் பெயர் நீடித்த காரணத்தால், இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரும் டிராக்டரும் இந்தச் சட்டத்துக்கு ஒன்றுதான். பணத்தை வாங்கிக்கொண்டு வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எத்தனையோ பேர், தாங்கள் என்றோ விற்ற வண்டி இன்று எந்தச் சாலையில் யாரை ஏற்றிக்கொண்டு போகிறதோ அதற்கெல்லாம் பொறுப்பாளிகளாக, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். டிராக்டரில் இருப்பது ஓட்டுநருக்கான ஓர் இருக்கை மட்டுமே. ஆனால் நடவுக்குப் போகும் பெண்கள் மட்கார்டின் மேலும் டிரெய்லரிலும் நெருக்கி உட்கார்ந்து போவதை நாம் தினமும் பார்க்கிறோம். பெயர் மாறாத, காப்பீடு இல்லாத வண்டி கவிழ்ந்தால் அந்தக் குடும்பங்கள் யாரிடம் போய் நிற்கும்? வண்டிக்குக் காப்பீடு இருந்தாலே இப்படி ஏறி வந்தவர்களுக்கு இழப்பீடு பெறப் போராட வேண்டியிருக்கிறது. அனுமதியில்லாமல் மண் ஏற்றியதாக ஒரு வண்டி பிடிபட்டாலும் இதே கதைதான். இறந்தவர் பெயருக்கு நோட்டீஸ் போகும். அவருடைய மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் படித்தவர் யார் என்று தேடுவார்.

இதற்குள் ஊரில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பத்து வருடம் தாண்டிய டிராக்டரை அரசாங்கமே உடைக்கப் போகிறது, எதற்கு வீண் செலவு, ஓடும்வரை ஓட்டிவிட்டுப் பழைய இரும்புக்குப் போடு என்பது ஒரு யோசனை. வாட்ஸ்அப்பில் வந்ததாம். இது தவறு என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 மார்ச் மாதத்திலேயே விளக்கம் அளித்திருக்கிறது. விவசாய டிராக்டர் போக்குவரத்து வாகனம் அன்று. முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆகவே என் 1998-ஆம் ஆண்டு வண்டிக்கு உயிர் இருந்தது. சான்றுக்குத்தான் உயிர் இல்லை.

முதலில் வங்கிக்குப் போனேன். கடன் 2007-லேயே முழுதாக அடைக்கப்பட்டுவிட்டது என்பதை மேலூர்ப் பக்கத்து வீட்டில் இருந்த பழைய ரசீதே சொன்னது. ஆனால் 'எச்.பி. கேன்சல்', அதாவது அந்த ஈட்டுக் குறிப்பை நீக்குதல், செய்வதற்கான 35-ம் எண் படிவத்தை வங்கி கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். கடன் கொடுத்த கிளை வேறு கிளையோடு சேர்க்கப்பட்டிருந்தது. பழைய பேரேடு எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க நாலு முறை போக வேண்டியதாயிற்று. கடன் கொடுக்கும்போது வண்டியின் எண்ணை மனப்பாடமாக வைத்திருந்த வங்கிக்கு, கடன் முடிந்த பிறகு அந்த எண் மறந்துபோய்விடுகிறது. கடைசி முறை போனபோது, இளைஞரான ஓர் அதிகாரி தானே அறைக்குள் போய்த் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிறகு வாரிசுகள். இறந்தவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மகளை நத்தத்தில் கொடுத்திருக்கிறார்கள். தகப்பனார் விற்றுப் பணத்தையும் வாங்கிக்கொண்ட வண்டிக்கு இப்போது எதற்குக் கையெழுத்து என்று மகன் கேட்டது நியாயமான கேள்வி. இதில் அவர்களுக்கு ஒரு காசு லாபமில்லை. வேலையை விட்டுவிட்டு வர வேண்டிய தொல்லை மட்டுமே. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் செய்தித்தாள் நறுக்கைக் காட்டி, இது எனக்குச் செய்யும் உதவி மட்டுமன்று, உங்கள் குடும்பத்தின் தலைமேல் தொங்கும் ஒன்றை இறக்கி வைப்பது என்று சொன்ன பிறகே அவர் இசைந்தார்.

அவருடைய தாயாரிடம் இவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை. நான் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டு, "மக்காட்டுல ஒரு கொக்கி இருக்குமே தம்பி, இருக்கா?" என்றார். இருந்தது. வலது மட்கார்டின் உட்புறத்தில், வளைத்துப் பற்றவைத்த ஓர் இரும்புக் கொக்கி. எதற்கென்று தெரியாமலே நான் அதில் தண்ணீர்ப் பாட்டிலை மாட்டி வந்தேன். அவருடைய கணவர் தூக்குச் சட்டி மாட்டுவதற்காக வாங்கிய வாரமே வைத்த கொக்கி அது என்றும், கம்பங்கூழ் அதில் ஆடி ஆடி வயல் போய்ச் சேருவதற்குள் பாதி சிந்திவிடும் என்றும் சொல்லிச் சிரித்தார். வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தில் பெருவிரல் ரேகை வைத்தார்.

அந்தச் சான்றிதழ் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வருவதற்கு எவ்வளவு நாள் ஆயிற்று என்று எழுதினால் இந்தக் கடிதம் நீண்டுவிடும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒரு படியில் உள்ளவர் தேர்தல் பணிக்குப் போய்விட்டால் அடுத்த படி நகராது. சான்றிதழ் கைக்கு வந்ததும் முதலில் தாயார் பெயருக்கும், பிறகு அவரிடமிருந்து என் பெயருக்கும் என்று இரண்டு உரிமை மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. இடையில் வாங்கி விற்ற இருவரும், என் மாமன் உட்பட, அரசாங்கத்தின் கணக்கில் இந்த வண்டியைத் தொட்டதே இல்லை. ஆக, நான்காவது கைக்கு வந்த வண்டிக்கு ஆவணத்தின்படி நான் மூன்றாவது உரிமையாளன்.

பதிவைப் புதுப்பிப்பதற்காக வண்டியை ஆய்வாளர் முன் கொண்டுபோய் நிறுத்திய நாளையும் சொல்ல வேண்டும். சேசிஸ் (அடிச்சட்டம்) எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தோம், தெளிவாக விழுந்தது. எஞ்சின் எண்ணின் மேலோ இருபத்தைந்து ஆண்டு ஆயிலும் மண்ணும், அதற்கு மேல் யாரோ விற்பதற்காக அடித்த சிவப்புப் பெயிண்டும் கெட்டியாகப் படிந்திருந்தன. டீசலில் நனைத்த துணியால் துடைத்து, கம்பி பிரஷால் தேய்த்து, முக்கால் மணி நேரம் போராடி எடுத்த அச்சில், கடைசிக்கு முந்தைய இலக்கம் 3-ஆ 8-ஆ என்று எனக்கும் ஆய்வாளருக்கும் கருத்து வேறுபட்டது. புத்தகத்தில் 8. பக்கத்தில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி கேட்டு வாங்கி எண்ணின் பள்ளத்தில் தேய்த்துவிட்டு, விரலால் மேலே துடைத்துக் காட்டினார். வெள்ளையாய் 8 எழுந்து நின்றது. எனக்கு இவ்வளவில் முடிந்தது. எஞ்சின் பிளாக் வெடித்து வேறு வண்டியின் பிளாக்கைத் தூக்கி வைத்து ஓட்டுபவர்கள் நிலைமை இதைவிடக் கடினம். அத்தகைய மாற்றத்துக்குச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி அனுமதி பெற்றுச் சான்றில் பதிந்திருக்க வேண்டும். பட்டறையில் பிளாக் மாற்றுகிற அன்று அதை யார் நினைக்கிறார்கள்?

எல்லாம் முடிந்து, 2024 முதல் நடைமுறையில் உள்ளபடி, புதிய சான்று அட்டை விரைவுத் தபாலில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கட்டணம், தாமதக் கட்டணம், பேருந்து, பிரமாணப் பத்திரம், மூன்று வாரிசுகளின் போக்குவரத்துச் செலவு என்று கூட்டிப் பார்த்தால் வண்டி விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு போகம் முழுதும் வண்டியை வைத்துக்கொண்டே, சாலையில் எடுக்க அஞ்சி, பக்கத்து வயல்காரரின் டிராக்டரை வாடகைக்கு அழைத்தேன் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

யாரிடமும் நான் குறை காணவில்லை. ஒவ்வோர் அலுவலகமும் தன் விதிப்படியே நடந்துகொண்டது. வாரிசுச் சான்றிதழ் ஓரிடத்தில், வங்கிக் குறிப்பு நீக்கம் ஓரிடத்தில், பழைய பேரேடு ஓரிடத்தில், வண்டியைப் பார்ப்பது ஓரிடத்தில் என்று இருப்பதே சிக்கல். ஒன்றின் தாள் காலாவதியாவதற்குள் மற்றொன்றின் தாள் வராது. அதனால்தான் ஜமாபந்தியைச் சொல்கிறேன். பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் கிராமக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வருவாய்த் துறை முழுவதும் ஓரிடத்தில் வந்து உட்காருவது ஆண்டில் அந்தச் சில நாள்கள்தாம். அங்கேயே ஒரு மோட்டார் வாகன ஆய்வாளரும், பழைய பதிவுகளைக் கணினியில் ஏற்றும் ஓர் ஊழியரும், மாவட்டத்தின் முன்னோடி வங்கியிலிருந்து ஒருவரும் உட்கார்ந்தால், உரிமையாளர் இறந்துபோன டிராக்டர்களின் கோப்பை ஒரே நாளில் தொடங்கிவிடலாம். வண்டியை ஆய்வுக்காக மதுரைக்கோ வேறெங்கோ இழுத்துக்கொண்டு போகாமல் வட்டாட்சியர் அலுவலகத் திடலிலேயே பார்த்துவிடலாம். மாவட்ட ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகவும் கொடுக்க இருக்கிறேன். தங்கள் நாளிதழில் வெளிவந்தால் மனுவுக்கு வலு கூடும்.

இதோடு, ஒரு முறை மட்டும், 15 ஆண்டுகளைக் கடந்த விவசாய டிராக்டர்களுக்குத் தாமதக் கட்டணத்தில் சலுகை கொடுக்கலாம். கட்டணத்துக்கு அஞ்சியே பெயர் மாற்றாமல் இருப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் மேலும் அஞ்சுகிறார்கள். கட்டணம் ஏறுகிறது, வண்டி இறங்குகிறது. இச்சலுகை மண் வியாபாரத்துக்கு ஓடும் வண்டிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்ற கவலை எனக்கும் உண்டு. நிலத்துக்கும் பயிருக்கும் உரிய கணக்குகளான சிட்டா, அடங்கல் பார்த்துக் கொடுத்தால் அதைத் தடுக்கலாம். கடன் அடைபட்டதும் ஈட்டுக் குறிப்பை நீக்கும் பொறுப்பை விவசாயி தலையில் போடாமல் வங்கியே செய்ய வேண்டும். டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு என்பதை விற்பவர்கள் வாங்குபவர்களிடம் சொல்ல வேண்டும். நான் வாங்காமல் தப்பித்தது அதை மட்டும்தான்.

பதிவுச் சான்றிலேயே நியமனதாரர் ஒருவரைக் குறிப்பிடும் வசதி 2021-ல் விதிகளில் சேர்க்கப்பட்டது. என் அட்டை வந்தவுடன் அந்த இடத்தில் என் மகள் பெயரைக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு டிராக்டரில் ஆர்வமில்லை. ஆனால் எனக்குப் பிறகு யாரோ ஒருவன் அவளைத் தேடித் திருப்பூருக்கோ நத்தத்துக்கோ பேருந்து ஏற வேண்டியிராது.

விற்ற மாமன் இந்தப் பதினாறு மாதமும் என்னைப் பார்த்தால் தெருவை மாற்றி நடந்தார். போன வாரம் அவரே வீடு தேடி வந்தார். அவரிடம் இன்னொரு பழைய மகிந்திரா நிற்கிறது. அலங்காநல்லூர்ப் பக்கத்தில் ஒருவர் விலை பேசியிருக்கிறார். புத்தகத்தில் இருப்பது பரமக்குடிக்காரர் ஒருவரின் பெயர். "ஆளு உயிரோட இருக்காரு மாப்பிள்ளை, விசாரிச்சிட்டேன்" என்றார். வரும் திங்கட்கிழமை, அவரை அழைத்து வருவதற்காக, நாங்கள் இருவரும் மாட்டுத்தாவணியிலிருந்து முதல் பேருந்தில் பரமக்குடிக்குப் புறப்படுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
வாடிப்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.